வால்வு பிரீஆம்ப்: ஒப்பிடுவதற்கும் மேம்படுத்துவதற்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் உயர்தர வால்வு பிரீஆம்ப், அதாவது ஒலி மூலத்துக்கும் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்புக்கும் இடையில் நின்று ஒலியளவைக் கட்டுப்படுத்தும், கண்ணாடிக் குழாய் வால்வுகளால் இயங்கும் கருவி, வைத்திருப்பவர்கள் சிலரே. அந்தச் சிலர் கூடினால் எந்த வால்வு இனிமையானது, எந்த நிறுவனம் உயர்ந்தது என்பதைச் சுற்றியே பேச்சு நடக்கும். ஆனால் எந்த பிரீஆம்பும் தனித்து நின்று நல்லதாகவோ கெட்டதாகவோ ஒலிப்பதில்லை. அதற்கு முன்னுள்ள சிடி பிளேயரோ டர்ன்டேபிளோ, பின்னுள்ள பவர் ஆம்ப், சுவரிலிருந்து வரும் மின்சாரம் ஆகிய மூன்றோடும் அது எவ்வளவு பொருந்துகிறது என்பதே கேட்கும் ஒலியின் பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறது. ஆகவே முதலில் மின்சாரம், அடுத்துப் பொருத்தம், பிறகு முறையான ஒப்பீடு, அதன்பின் வால்வு, அதற்கும் பிறகே உள்ளுறுப்புகள், கடைசியாகப் புதிய கருவி என்ற வரிசையில் செல்வதே காசை மிச்சப்படுத்தும் வழி. ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ உள்ள கடைக்காரர் ஒவ்வொரு வாரமும் நமக்குக் கருவியைக் கடனாகக் கொடுத்து அனுப்பப் போவதில்லை என்பதால், வீட்டிலேயே அளந்து பார்க்கப் பழகிக்கொள்வது நம்மைப் போன்றவர்களுக்கு இன்னும் அவசியமாகிறது.

முதற்படி: மின்சாரம்

மலேசியாவில் வீட்டு மின்னழுத்தம் 2008 ஜனவரி 1 முதல் 230 வோல்ட் என வரையறுக்கப்பட்டுள்ளது. அது மேலே 10 சதவீதமும் கீழே 6 சதவீதமும் மாறலாம் என்பதால், 216 வோல்ட் முதல் 253 வோல்ட் வரை எது வந்தாலும் அது விதிக்கு உட்பட்டதே. அதற்கு முன் இங்கே 240 வோல்ட் வழக்கத்தில் இருந்தது; பல வீடுகளில் இன்றும் மீட்டரை வைத்தால் 240ஐ ஒட்டியே காட்டும். நகரத்தை விட்டுத் தள்ளி, நீண்ட கம்பியின் கடைசி முனையில் இருக்கும் வீடுகளில் மாலை வேளையில் எல்லோரும் ஏர்கோன் போடும்போது அது இறங்குவதும் உண்டு.

வால்வை உள்ளிருந்து சூடாக்கும் இழையான ஹீட்டர் இதை நேரடியாக உணர்கிறது. 6.3 வோல்ட்டுக்கு வடிவமைக்கப்பட்ட ஹீட்டருக்கு 5 சதவீத ஏற்ற இறக்கம் பாதுகாப்பானது, 10 சதவீதம் எல்லைக்கோடு. பழைய ஐரோப்பியக் கருவியின் மின்மாற்றி 220 வோல்ட்டுக்குச் சுற்றப்பட்டிருந்து, நம் சுவரில் 245 வோல்ட் வருமானால், ஹீட்டர் 7 வோல்ட்டில் எரியும். ஒலி சில மாதங்களுக்குக் குறையின்றி இருக்கும். வால்வின் ஆயுள் மட்டும் சத்தமில்லாமல் கரைந்துகொண்டிருக்கும். ஹீட்டருக்கு ரெகுலேட்டர் வைத்த கருவிகளில் இந்தக் கவலை குறைவு. ஆகவே எதையும் வாங்குவதற்கு முன், காலை, மாலை, இரவு என்று வெவ்வேறு வேளைகளில் சுவர் மின்னழுத்தத்தை அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கருவியின் பின்புறத்திலோ உள்ளேயோ 220, 230, 240 என்று தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் உங்கள் அளவுக்கு நெருக்கமானதில் வையுங்கள்.

ஜப்பானிலிருந்து வரும் பழைய கருவிகள் இங்கே தாராளமாகக் கிடைக்கின்றன. அவை 100 வோல்ட்டுக்கு உரியவை. அவற்றோடு விற்கப்படும் இறக்கு மின்மாற்றி 220 வோல்ட்டிலிருந்து 100 வோல்ட் தருவதாக இருந்தால், நம் 240 வோல்ட்டில் அது 109 வோல்ட் தரும். மின்மாற்றியின் மேல் அச்சிடப்பட்ட எண்ணைப் படித்துவிட்டுக் காசு கொடுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த கருவியில் 60 ஹெர்ட்ஸ் மட்டுமே குறிப்பிடப்பட்டிருந்தால் இன்னொரு சிக்கல் இருக்கிறது: நம்முடைய 50 ஹெர்ட்ஸில் அதன் மின்மாற்றி கூடுதலாகச் சூடேறும், சில சமயம் ரீங்கரிக்கவும் செய்யும்.

இடியைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைப்பவர்கள், பிற்பகல் மழைக்காலத்தில் ஒரு முறை இணைய மோடத்தைப் பறிகொடுத்திருக்கமாட்டார்கள். சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள். ஸ்ட்ரீமர் வழியாக நெட்வொர்க் கேபிள் கருவியோடு இணைந்திருந்தால் அதையும் பிடுங்குங்கள். மூன்று முள் பிளக்கில் 13 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால், உற்பத்தியாளரின் கையேடு வேறு சொல்லாத வரை, பிரீஆம்புக்கு 3 ஆம்பியர் ஃபியூஸே பொருத்தம். இன்னொன்று, வால்வின் இளஞ்சூடு பல்லிகளுக்கும் எறும்புகளுக்கும் பிடிக்கும். காற்றுத் துளைகளை அடைக்கக் கூடாது என்பதால், பயன்படுத்தாத நேரத்தில், கருவி ஆறிய பிறகு, மெல்லிய துணி உறை போட்டு வையுங்கள்.

இரண்டாம் படி: பெருக்கமும் இம்பீடன்ஸும்

இதுவே இந்த வழிகாட்டியின் மையக் கருத்து. பெரும்பாலான ஏமாற்றங்கள் இங்கேதான் தொடங்குகின்றன.

சிடி பிளேயரும், டிஜிட்டல் ஒலியை அலையாக மாற்றும் டிஏசிகளில் பெரும்பாலானவையும் உச்சத்தில் ஏறத்தாழ 2 வோல்ட் தருகின்றன. பவர் ஆம்ப் தன் முழுத் திறனை எட்ட 1 முதல் 2 வோல்ட் வரை கேட்கிறது. அதாவது, இன்றைய கருவிகளுக்கு இடையில் பெருக்கமே தேவைப்படாத நிலை. ஆனால் வால்வு பிரீஆம்ப்கள் பலவும் 20 டெசிபெல், அதாவது பத்து மடங்கு பெருக்குகின்றன. விளைவாக ஒலிக்கட்டுப்பாட்டுக் குமிழ் எப்போதும் கடிகார முள் கணக்கில் எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் நிற்கிறது. அந்த இடத்தில்தான் சாதாரணக் குமிழ்களில் இடது வலது அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. வால்வின் சொந்த இரைச்சலோ குமிழைத் தாண்டிய பகுதியில் பிறப்பதால் முழுமையாகப் பவர் ஆம்புக்குப் போகிறது. இப்படிப்பட்ட அமைப்பில் விலையுயர்ந்த வால்வு வாங்குவதை விட, பவர் ஆம்பின் நுழைவாயிலில் 10 டெசிபெல் குறைப்பான் ஒன்றைச் செருகுவது பல மடங்கு பயன் தரும். குமிழ் பதினொரு மணிக்கு மேல் வந்துவிடும், பின்னணி அமைதியாகிவிடும்.

அடுத்தது இம்பீடன்ஸ், அதாவது மாறுமின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு. பவர் ஆம்பின் நுழைவு இம்பீடன்ஸ், பிரீஆம்பின் வெளியீட்டு இம்பீடன்ஸைப் போல் குறைந்தது பத்து மடங்காவது இருக்க வேண்டும். வால்வு பவர் ஆம்ப்கள் வழக்கமாக 100 கிலோஓம் கொண்டவை என்பதால் அவற்றில் சிக்கல் எழுவது அரிது. டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப்கள் 10 முதல் 47 கிலோஓம் வரை இருக்கும், கிளாஸ் டி வகைகள் அதிலும் கீழ் எல்லையில் நிற்பது வழக்கம். 2 கிலோஓம் வெளியீடு உள்ள பிரீஆம்பை 10 கிலோஓம் பவர் ஆம்போடு இணைத்துவிட்டுத் தவிலில் அடி இல்லை என்று வால்வைக் குறை சொல்வதில் பொருளில்லை.

அந்த அடி எங்கே போகிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். பெரும்பாலான வால்வு பிரீஆம்ப்களின் வெளியீட்டில் ஒரு கெப்பாசிட்டர் இருக்கிறது. அதுவும் பவர் ஆம்பின் நுழைவு இம்பீடன்ஸும் சேர்ந்து தாழ்சுருதியை வெட்டுகின்றன. 1,59,000ஐக் கெப்பாசிட்டரின் மைக்ரோஃபாரட் அளவாலும் ஓம் அளவாலும் வகுத்தால், ஒலி 3 டெசிபெல் குறையும் அதிர்வெண் ஹெர்ட்ஸில் கிடைக்கும். 1 மைக்ரோஃபாரடும் 100 கிலோஓமும் என்றால் 1.6 ஹெர்ட்ஸ், கவலையே இல்லை. அதே கெப்பாசிட்டர் 10 கிலோஓமுக்கு முன்னால் நின்றால் 16 ஹெர்ட்ஸ் ஆகிறது. வெட்டு அங்கே தொடங்கினாலும் அதன் பாதிப்பு 30, 40 ஹெர்ட்ஸ் வரை எட்டிப் பார்க்கும். 2.2 மைக்ரோஃபாரடாக மாற்றினால் 7 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும்.

மூன்றாம் படி: வால்வுக் குடும்பங்களை அறிதல்

12ஏஎக்ஸ்7, அதாவது இசிசி83, நூறு மடங்கு பெருக்கக் காரணி கொண்டது. 1958இல் வந்த மாரண்ட்ஸ் 7, அதன்பின் 1960களில் வந்த மெக்கின்டோஷ் சி22 ஆகிய இரண்டும் ஆறு 12ஏஎக்ஸ்7 வால்வுகளின் மேல் கட்டப்பட்டவை. வால்வு ஒலி என்று பலர் மனத்தில் வைத்திருக்கும் நிறம் இந்தத் தலைமுறையிலிருந்து வந்ததே. இதன் உள் மின்தடை 60 கிலோஓமை ஒட்டி இருப்பதால் நீண்ட கேபிளை நேரடியாக ஓட்ட இதனால் இயலாது. கத்தோடு ஃபாலோயர் என்னும் துணைக் கட்டம் தேவைப்படும்.

12ஏயூ7, 6எஸ்என்7 இரண்டுக்கும் பெருக்கக் காரணி 20ஐ ஒட்டியது, உள் மின்தடை 7.7 கிலோஓம் அளவு. 6எஸ்என்7 எட்டு முள் கொண்ட பெரிய வால்வு. மனிதக் குரலுக்கு என் தேர்வு இதுவே. இதன் வளைவு நேர்கோட்டை ஒட்டியது, சாதாரணச் சுற்றிலும் திரிபு குறைவாகவே வருகிறது. ஆனால் கண்ணாடி பெரிதாக இருப்பதால் தட்டினால் மணி போல் ஒலிக்கும் வால்வுகள் இந்தக் குடும்பத்தில் அதிகம்.

6டிஜே8, 6922 இரண்டும் 33 மடங்கு காரணி, 3 கிலோஓமுக்கும் குறைந்த உள் மின்தடை கொண்டவை. துல்லியமும் வேகமும் இவற்றின் பலம். இவை ஒன்றுக்கொன்று ஒத்தவை என்று கடைகளில் விற்கப்பட்டாலும், 6டிஜே8க்கு ஆனோடு என்னும் நேர்மின்முனையின் மின்னழுத்த எல்லை 130 வோல்ட், ஈ88சிசி என்னும் 6922க்கு 220 வோல்ட். உயர் மின்னழுத்தத்தில் ஓடும் கருவியில் விலை குறைந்ததைச் செருகினால் அது நெடுநாள் தாங்காது. ஆடியோ ரிசர்ச் நிறுவனத்தின் ரெஃபரன்ஸ் வரிசையில் காணப்படும் ரஷ்ய 6எச்30, முள் அமைப்பில் 6922ஐப் போன்றதே. எனினும் அதன் ஹீட்டர் 0.9 ஆம்பியரை ஒட்டி இழுக்கும், 6922 இழுப்பதோ 0.3 ஆம்பியர். ஒன்றின் இடத்தில் மற்றதைப் போடவே கூடாது. அதேபோல் 12ஏஎக்ஸ்7க்கும் 6டிஜே8க்கும் ஒன்பது முள் சாக்கெட் பொருந்தும் என்றாலும், ஒன்பதாம் முள் முன்னதில் ஹீட்டரின் நடுமுனை, பின்னதில் உள் கவசம்.

நான்காம் படி: ஒப்பிடும் முறை

இரண்டு பிரீஆம்ப்களை ஒப்பிடும்போது அரை டெசிபெல் உரத்து ஒலிப்பது எதுவோ அதுவே தெளிவாகவும் உயிரோட்டமாகவும் தோன்றும். காது செய்யும் இந்த வேலையை மனத்தால் திருத்த இயலாது, மீட்டரால் இயலும். 400 ஹெர்ட்ஸ் சோதனைத் தொனியை ஓட்டி, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை ஏசி (மாறுமின்) வோல்ட் அளவில் வைத்து, முதல் கருவியில் 1.00 வோல்ட் வரும்படி குமிழை நிறுத்துங்கள். இரண்டாவதிலும் 0.99க்கும் 1.01க்கும் இடையில் கொண்டுவாருங்கள், இது 0.1 டெசிபெல் அளவுத் துல்லியம். இடது, வலது இரண்டையும் தனித்தனியே அளப்பது முக்கியம். கேட்கத் தொடங்குவதற்கு முன் இரு கருவிகளும் அரை மணி நேரமாவது சூடாகி இருக்கட்டும். கேபிள் மாற்றும் ஒவ்வொரு முறையும் பவர் ஆம்பை அணைத்துவிடுங்கள். இயக்கும்போது பிரீஆம்ப் முதலில், அணைக்கும்போது பவர் ஆம்ப் முதலில்.

பலர் கவனிக்காத ஒன்று, வால்வு பிரீஆம்ப்களில் ஒற்றைக் கட்டம் கொண்டவை அலையின் முகத்தைத் தலைகீழாக்கி அனுப்புகின்றன. ஒன்று தலைகீழாக்கி மற்றது ஆக்காவிட்டால், தலைகீழாக்கும் கருவி ஓடும்போது இரு ஸ்பீக்கர்களிலும் சிவப்பையும் கருப்பையும் மாற்றி இணைத்துவிட்டு ஒப்பிடுங்கள்.

எதைக் கேட்பது என்பதில் நமக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. பழைய தமிழ்த் திரைப்பாடல்களின் பெரும்பகுதி மோனோ ஒலிப்பதிவு. அதில் குரல் இரு ஸ்பீக்கர்களுக்கும் நட்டநடுவில், அசையாத ஒரு புள்ளியில் நிற்க வேண்டும். உயர்ந்த சுருதியில் குரல் ஒரு பக்கம் நகர்ந்தால், இரு பக்க வால்வுகளோ குமிழோ ஒத்துப்போகவில்லை என்று பொருள். ஸ்டீரியோ விளம்பரத் தட்டுகள் இதை இவ்வளவு எளிதாகக் காட்டிக்கொடுக்காது. நாதசுரத்தின் கூர்மையான மேல்சுருதிகள் திரிபைக் காட்டும். தம்புரா மட்டும் ஒலிக்கும் ஆலாபனைத் தொடக்கம் பின்னணி இரைச்சலைக் காட்டும். பி. சுசீலாவின் குரலில் சகர ஒலிகள் சீறினால் மேல்சுருதியில் எங்கோ கோளாறு இருக்கிறது. தகரக் கூரை வீட்டில் மழை பெய்யும்போது ஒப்பிட முனையாதீர்கள். அன்று எல்லாக் கருவிகளும் ஒன்றே.

ஐந்தாம் படி: இரைச்சலை வகைப்படுத்துதல்

குமிழை முழுதாகக் குறைத்தும் ஹம் என்னும் தொடர் முனகல் கேட்டால் அது குமிழுக்குப் பின்னால் பிறக்கிறது. தாழ்ந்த, உருண்டையான 50 ஹெர்ட்ஸ் ஒலி, கருவிகளின் எர்த் இணைப்புகள் வளையமாகிவிடும் எர்த் லூப்பையோ ஹீட்டர் கசிவையோ காட்டும். சற்றுக் கூர்மையான 100 ஹெர்ட்ஸ் ஒலி, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயருக்குப் பின்னுள்ள வடிகட்டிக் கெப்பாசிட்டர் சோர்ந்துபோனதைக் காட்டும். எல்லா நுழைவுக் கேபிள்களையும் கழற்றியதும் ஹம் மறைந்தால் கோளாறு கருவியில் இல்லை, இணைப்பில் இருக்கிறது. அதைத் தீர்க்கப் பிளக்கின் எர்த் கம்பியைத் துண்டிப்பவர்கள் உண்டு. 300 வோல்ட் உள்ளே ஓடும் உலோகப் பெட்டிக்கு அது உயிர் விளையாட்டு. எல்லாக் கருவிகளையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் இணைத்தாலே பல லூப்கள் அடங்கிவிடுகின்றன.

சீறல், படபடப்பு, அவ்வப்போது ஒரு பக்கம் மறைந்து வருதல் ஆகியவற்றுக்கு இந்த ஊரின் ஈரக்காற்றே முதல் சந்தேகநபர். வால்வின் முள்ளும் சாக்கெட்டும் ஆக்சைடு பூசிக்கொள்கின்றன. கருவி அணைந்து ஆறிய பிறகு வால்வைக் கழற்றி, முள்ளில் காண்டாக்ட் கிளீனரைத் துணியால் பூசித் துடைத்து, சாக்கெட்டில் சில முறை செருகி எடுங்கள். புது வால்வு வாங்கியதும் ஒலி திறந்துகொண்டது என்று சொல்பவர்களில் ஒரு பாதிப்பேருக்காவது, உண்மையில் நடந்தது இந்தச் சுத்தம்தான் என்பது என் ஊகம். பிறகு பென்சில் முனையால் ஒவ்வொரு வால்வையும் மெல்லத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் கணீரென்று கேட்டால் அந்த வால்வைப் பின்கட்டத்துக்கு மாற்றி, அமைதியானதை முதல் கட்டத்தில் வையுங்கள். இரண்டும் ஒரே வகை வால்வாக இருந்தால் இதற்குச் செலவே இல்லை.

ஆறாம் படி: வால்வு மாற்றுதல்

நல்ல தயாரிப்பான சிறு வால்வு, மின்னழுத்தம் சரியாக இருந்தால், 5,000 மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும். ஈ88சிசி போன்ற நீடித்த வகைகள் 10,000 மணி நேரத்துக்கு உத்தரவாதம் பெற்றவை. நாளொன்றுக்கு 4 மணி நேரம் கேட்பவருக்கு அது ஏறத்தாழ 7 ஆண்டு. ஆகவே ஆண்டுதோறும் மாற்ற வேண்டும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பத் தேவையில்லை.

பழைய கையிருப்பு வால்வுகளில் டெலிஃபங்கன், முல்லார்ட், ஆம்பெரெக்ஸ், சீமென்ஸ் ஆகிய பெயர்கள் விலையை ஏற்றுகின்றன. கண்ணாடியின் மேலுள்ள எழுத்தை யாரும் அழித்து மீண்டும் அச்சிடலாம் என்பதால், அடையாளத்தை வேறிடத்தில் தேடுங்கள். ஜெர்மனியில் செய்யப்பட்ட டெலிஃபங்கன் ஒன்பது முள் வால்வுகளின் அடியில், முள்களுக்கு நடுவே கண்ணாடியிலேயே வைரக்குறி வார்க்கப்பட்டிருக்கும். பிலிப்ஸ் குழும வால்வுகளில் அடிப்பகுதிக் கண்ணாடியில் பொறித்த குறியீட்டின் இரண்டாம் வரி பி என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கினால் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலை, முக்கோணத்தில் தொடங்கினால் நெதர்லாந்தின் ஹீர்லன் ஆலை. படத்தில் இந்த இடம் தெரியாத விற்பனையை விட்டுவிடுங்கள். புதிய தயாரிப்பில் ஸ்லோவாக்கியாவின் ஜேஜே நிறுவனம் நம்பகமான தொடக்கம். அதில் நிறைவு வராதபோது மட்டுமே பழையதைத் தேடலாம்.

பெருக்கம் அதிகமான 12ஏஎக்ஸ்7 கருவிக்கு ஓர் எளிய வழி 5751. காரணி 70, முள் அமைப்பு ஒன்றே, ஹீட்டர் மட்டும் சற்றுக் கூடுதலாக இழுக்கும். இசைத்தட்டுக்கான ஃபோனோ கட்டத்தில் அல்லாமல், சிடி போன்ற மற்ற மூலங்களுக்கான லைன் கட்டத்தில் மட்டும் போடுங்கள். இசைத்தட்டில் வெட்டும்போது மாற்றப்பட்ட தாழ், மேல் சுருதி அளவுகளைத் திரும்பச் சரிசெய்யும் ஃபோனோவின் ஆர்ஐஏஏ வளைவு, பல சுற்றுகளில் வால்வின் பெருக்கத்தை நம்பியே துல்லியமாக நிற்கிறது.

ஏழாம் படி: பெட்டியைத் திறந்து செய்யும் வேலை

மின்சாதனம் பழுது பார்த்துப் பழக்கமில்லாதவர் இந்தப் படியைத் தேர்ந்தவரிடம் விடுவது நல்லது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் வடிகட்டிக் கெப்பாசிட்டர்களில் 300, 400 வோல்ட் தங்கியிருக்கும். 10 கிலோஓம், 10 வாட் ரெசிஸ்டரை உறையிட்ட கிளிப்போடு சில நொடிகள் இணைத்து வடித்து, மீட்டரில் 10 வோல்ட்டுக்குக் கீழ் வந்ததை உறுதி செய்த பின்பே கை வையுங்கள். ஸ்க்ரூடிரைவரால் குறுக்கே வைத்துப் பொறி பறக்க வடிப்பது கெப்பாசிட்டரையும் சாலிடர் முனையையும் கெடுக்கும்.

முதலில் மாற்ற வேண்டியது வடிகட்டி எலக்ட்ரோலிட்டிக்குகள். வெப்பம் 10 பாகை ஏறினால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது பொறியாளர்களின் பழைய கணக்கு. நம் வீட்டு வெப்பத்தில், மூடிய அலமாரிக்குள், முப்பது ஆண்டு பழைய கருவியில் அவை இன்னும் நலமாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 105 பாகை வகையை வாங்குங்கள்.

அடுத்து, கட்டங்களை இணைக்கும் கெப்பாசிட்டர்கள். பாலிப்ரொப்பிலீன் வகை போதுமானது. பல நூறு வெள்ளி விலையுள்ள வெள்ளித்தகடு, எண்ணெய்த்தாள் வகைகளை வாங்குவதற்கு முன் இந்த எளிய மாற்றத்தைச் செய்து கேளுங்கள். மின்னழுத்த எல்லையைத் தேர்ந்தெடுக்கும்போது, வால்வு சூடாவதற்கு முந்தைய சில நொடிகளில் உயர் மின்னழுத்தம் வழக்கத்தை விட மேலே ஏறும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். 300 வோல்ட்டில் ஓடும் கருவியில் 400 வோல்ட் கெப்பாசிட்டரை விட 630 வோல்ட் நிம்மதி தரும். மைக்ரோஃபாரட் அளவைக் கண்டபடி ஏற்றாதீர்கள். வளைந்த இசைத்தட்டின் கேளா அலைவுகள் வழி கிடைத்ததும் ஸ்பீக்கர் கூம்பை முன்னும் பின்னும் ஆட்டத் தொடங்கும்.

மூன்றாவது, குமிழ். பழைய கார்பன் குமிழுக்குப் பதில் ஜப்பானின் ஆல்ப்ஸ் ஆர்கே27 அல்லது படிப்படியாக ஏறும் ஸ்டெப்ட் அட்டெனுவேட்டர். மோனோ பாடலில் குரல் நகர்ந்த பிரச்சினை பலருக்கு இங்கே தீர்ந்துவிடும். உறுப்புகளுக்குக் கோலாலம்பூர் ஜாலான் பாசார் கடைகளைப் பார்க்கலாம். அரிய வகைகளை இணையத்தில்தான் வாங்க வேண்டியிருக்கும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, நான்காம் படியின் முறையில் அளந்து கேட்டு, எழுதி வைத்த பிறகு அடுத்ததுக்குச் செல்லுங்கள்.

இசைத்தட்டுக் கேட்பவர்களுக்கு

டர்ன்டேபிளின் ஊசி பொருந்திய தலைகளில், மூவிங் மேக்னட் வகைத் தலை ஏறத்தாழ 5 மில்லிவோல்ட் தருகிறது. அதற்கு 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபெல் பெருக்கமும் 47 கிலோஓம் சுமையும் வழக்கம். மூவிங் காயில் தலை 0.3 மில்லிவோல்ட் அளவே தருவதால், வால்வுக் கட்டத்துக்கு முன் 1:10 மின்மாற்றி வைப்பது நான் பரிந்துரைக்கும் வழி. அப்போது தலை காணும் சுமை 47 கிலோஓமின் நூற்றில் ஒரு பங்கு, அதாவது 470 ஓம். பெரும்பாலான தலைகளுக்கு இது ஏற்றது. ஆர்ஐஏஏ வளைவு 1954இல்தான் பொதுவானது. தாத்தா காலத்து 78 சுற்றுத் தட்டுகள் வேறு வளைவுகளில் வெட்டப்பட்டவை என்பதால், அவை மங்கலாக ஒலிப்பதை வைத்து ஃபோனோ கட்டத்தை மதிப்பிடாதீர்கள்.

புதிய கருவி எப்போது?

இத்தனையும் செய்த பிறகும் குறை தெரிந்தால், அந்தக் குறையை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். பவர் ஆம்பை ஓட்ட இயலவில்லை என்றால் வெளியீட்டு இம்பீடன்ஸ் குறைந்த 6922 அல்லது 6எச்30 கருவியைத் தேடலாம். குரலில் உடல் இல்லை என்றால் 6எஸ்என்7 பக்கம் போகலாம். ஒரு வாக்கியத்தில் எழுத வரவில்லையென்றால் வாங்கும் நேரம் இன்னும் வரவில்லை. பத்தாயிரம் வெள்ளிக்கு மேல் போகும் கருவியை வாங்கும்போது, மின்னழுத்தத் தேர்வு, குறைந்தபட்ச சுமை, பெருக்கம், அலையைத் தலைகீழாக்குகிறதா என்ற நான்கையும் கையேட்டில் படித்துவிட்டு, உங்கள் பவர் ஆம்பை வண்டியில் ஏற்றிக்கொண்டே கடைக்குப் போங்கள். கடையில் இருக்கும் பவர் ஆம்போடு கேட்டது உங்கள் வீட்டுக்குச் செல்லாது. பழைய கருவியிலிருந்து கழற்றிய அசல் வால்வுகளையும் உறுப்புகளையும் எந்த இடத்திலிருந்து வந்தவை என்று குறித்து ஓர் உறையில் போட்டு வையுங்கள். வாங்க வருபவர் அவற்றைக் கேட்பார், இருந்தால் விலையும் கூடும்.